அடுத்த ஊர் தெரியாத மாணவருக்கு வீடு எதற்கு?

என் அக்கா மகன் டெக்சாஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில் மருத்துவம் படிக்கிறான். 2023 ஜூன் மாதம், முதலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு போன் செய்தான். "மாமா, ஒரு வீடு பார்க்கப் போறேன். கூட வர்றீங்களா?" தாய்மாமனைக் கூப்பிட்டுச் செய்யும் காரியங்களில் வீடு பார்ப்பதும் ஒன்று. நானும் இதே ஊர்க்காரன். கிளம்பிப் போனேன்.

நகரத்தின் வடமேற்கில் லியோன் வேலி என்ற பகுதி. செங்கல் சுவர், மூன்று படுக்கையறை, பின்னால் ஒரு ஓக் மரம். விலை 2,60,000 டாலர். விற்பவர் ராணுவத்தில் சார்ஜென்ட். கொலராடோவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவர் பணியில் இருந்ததால் மனைவிதான் வீட்டைச் சுற்றிக் காட்டினார். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். சமையலறைக் கதவு நிலையின் மேல்மூலையில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. இந்த ஊர்க் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதோடு சேர்ந்து வீட்டின் அடித்தளமும் அசையும். இங்கே வீடு பார்க்கப் போகிற எவரும் முதலில் தேடுவது அந்த விரிசலைத்தான். அடுத்துக் கேட்பது கூரையின் வயதை. 2016 ஏப்ரலில் பெய்த ஆலங்கட்டி மழையில் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான கூரைகள் சேதமடைந்ததை யாரும் மறக்கவில்லை.

நான் விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்மணி இடத்தை ஒழிப்பதற்காக ஒரு சாப்பாட்டு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். நாற்காலியின் அடிப்பலகையில் சின்னச் சின்னதாக, எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. ராணுவக் குடும்பம் ஊர் மாறும்போது, சாமான் ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு பொருளிலும் இப்படி எண் ஒட்டிப் பட்டியல் எழுதுவார்கள். ஒவ்வொரு மாற்றலுக்கும் ஒரு நிறம். ஏழு வருடத்தில் மூன்று ஊர் என்றார். இந்த வீட்டில் இருந்தது இரண்டேகால் வருடம்.

திரும்பி வரும் வழியில் காரில் அவனிடம் கேட்டேன்: "மாப்ளே, நீயும் அவங்க மாதிரிதானே? கையெழுத்துப் போட்டாச்சே?"

அந்தக் கேள்வியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ராணுவ உதவித்தொகையில் படிக்கும் மாணவர் வீடு வாங்கலாமா? என் பதில், பெரும்பாலோருக்குக் கூடாது என்பதுதான். 'வாடகை வீண், வீடு சொத்து' என்று நம்பி வளர்ந்தவன்தான் நானும். அப்படியிருந்தும் ஏன் இதைச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு.

முதலில் அந்த உதவித்தொகை எது என்று பார்த்துவிடலாம். 'ஹெல்த் புரொஃபஷன்ஸ் ஸ்காலர்ஷிப் புரோகிராம்' என்று பெயர், மாணவர்கள் எச்.பி.எஸ்.பி. என்பார்கள். வியட்நாம் போரின் கடைசிக் காலத்தில், 1972-இல், இதற்கான சட்டம் வந்தது. அதுவரை அமெரிக்க ராணுவம் தனக்கு வேண்டிய மருத்துவர்களைக் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடித்துக்கொண்டிருந்தது. 1973-இல் அந்தக் கட்டாயம் முடிவுக்கு வந்தது. இனி மருத்துவர்கள் தாமாக வந்தால்தான் உண்டு என்ற நிலை. அதற்கு ராணுவம் கண்ட வழிதான் இது: உன் படிப்புச் செலவை நான் ஏற்கிறேன், படித்து முடித்து என்னிடம் வேலை செய். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் இதைத் தருகின்றன. மாணவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும்.

கொடுப்பது கணிசமானது. கல்லூரிக் கட்டணம் முழுவதும், புத்தகம், கருவிகள், அதற்கு மேல் மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம். 2023-இல் அந்த மாதத் தொகை 2,700 டாலரை ஒட்டி இருந்தது. மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களுக்குச் சேரும்போதே 20,000 டாலர் வரை ஊக்கத்தொகையும் உண்டு. ஆண்டுக்கு 45 நாள் பயிற்சிப் பணி. அந்த நாட்களுக்கு மட்டும் இரண்டாம் லெப்டினன்டுக்குரிய சம்பளம். மற்றவர்கள் இரண்டு லட்சம் டாலர், அதற்கும் மேல் என்று கடனோடு கல்லூரியை விட்டு வெளியேறும் நாட்டில், இவர்கள் ஒரு காசு கல்விக் கடன் இல்லாமல் வெளியேறுகிறார்கள். என் அக்காவும் அத்தானும் ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் இருக்கிறார்கள். மகன் கையெழுத்திட்ட அன்று அத்தான் கண் கலங்கினார். பணம் மிச்சம் என்பதற்காக மட்டுமல்ல. வேலை தேடி இந்த நாட்டுக்கு வந்தவரின் பிள்ளை இந்த நாட்டுச் சீருடையைப் போடப் போகிறான் என்பதற்காகவும்தான்.

இனி, பதிலுக்குக் கொடுப்பது. நான்கு ஆண்டு உதவி வாங்கினால் நான்கு ஆண்டு முழுநேர ராணுவ மருத்துவர் பணி. அதில் ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சிக் காலம் கணக்கில் சேராது. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பயிற்சி முடிந்த பிறகுதான் கணக்கு ஓடத் தொடங்கும். அந்தப் பயிற்சி எந்த ஊரில் என்பதையும் ராணுவம்தான் முடிவு செய்யும். சாதாரண மருத்துவ மாணவர்களுக்கு அது மார்ச் மாதம் தெரியும். ராணுவ மாணவர்களுக்கு நான்காம் ஆண்டு டிசம்பரில் தனியாகத் தெரியும். மேரிலாந்தில் வால்டர் ரீட், ஹவாயில் டிரிப்ளர், டகோமாவில் மேடிகன், டெக்சாஸிலேயே எல் பாசோவில் பியூமான்ட், சான் ஆன்டோனியோவில் புரூக் ராணுவ மருத்துவ மையம். கடற்படை என்றால் சான் டியேகோ, போர்ட்ஸ்மத். விருப்ப வரிசை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் தேவை ராணுவத்துடையது. சிலரை ஓராண்டுப் பயிற்சியோடு நிறுத்தி, பொது மருத்துவ அதிகாரியாகப் படைப்பிரிவுக்கோ கப்பலுக்கோ அனுப்பிவிட்டு, மீதிப் பயிற்சியைப் பிறகு முடிக்கச் சொல்வதும் உண்டு. கடற்படையில் இது அதிகம்.

ஆக, 22, 23 வயதில் இவர் எழுதிக்கொடுத்தது, வரும் பத்து வருடத்தில் தான் எங்கே வசிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை. வீடு கேட்பதும் அதையேதான். 'இங்கே இருப்பாயா? எத்தனை வருடம்?' என்று கேட்கிறது. பதில் சொல்லும் உரிமை கையில் இல்லாதவர் அந்தக் கேள்விக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது என்பதுதான் என் வாதம். மீதியெல்லாம் கணக்கு.

கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவன் கணக்கோடுதான் வந்தான். இரண்டு அறையை வகுப்புத் தோழர்களுக்கு வாடகைக்கு விடுவது. கடனில் அத்தானையும் சேர்த்துக்கொள்வது. அரசுக் காப்பீடு உள்ள எஃப்.எச்.ஏ. கடன் வாங்கினால் முன்பணம் மூன்றரை சதவீதம் போதும். படிப்பு முடிந்து போகும்போது விற்றால் ஒரு தொகை கையில் நிற்கும். "வாடகை கொடுத்தா போச்சு மாமா, இது நம்மகிட்டயே இருக்கும்ல?" என்றான். அதே சொற்களை என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அன்றிரவு என் வீட்டு மேசையில் காகிதம் போட்டு உட்கார்ந்தோம். எளிமைக்காகக் கடன் 2,50,000 டாலர் என்று வைத்துக்கொண்டோம். அப்போதைய வட்டி 7 சதவீதத்தை ஒட்டி. 30 வருடக் கடன். மாதத் தவணை 1,663 டாலர். மூன்று வருடத்தில், அதாவது 36 தவணையில், கட்டுவது 59,877 டாலர். அதில் அசலில் கழிவது எவ்வளவு தெரியுமா? 8,200 டாலர்கூட இல்லை. மீதி 51,000 டாலருக்கு மேல் முழுவதும் வட்டி. 'நம்மகிட்டயே இருக்கும்' என்று அவன் சொன்னது இந்த 8,200-ஐத்தான். நீண்ட காலக் கடனில் முதல் வருடங்களின் தவணை ஏறக்குறைய முழுவதும் வட்டிக்கே போகும். வீடு உண்மையில் நம்முடையதாவது பின்பாதியில்தான். இவர் பின்பாதிக்கு அங்கே இருக்கப் போவதில்லை.

விற்கும்போது தரகுக் கூலி இங்கே வழக்கமாக ஐந்து முதல் ஆறு சதவீதம். 2,60,000-க்கே விற்றாலும் ஆறு சதவீதம் என்றால் 15,600 டாலர். அசலில் கழிந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாங்கும்போது கட்டிய பதிவு, ஆய்வு, கடன் செலவுகள் தனி. வீட்டு வரியோ, டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததற்கும் சேர்த்து வசூலிப்பதுபோல் இருக்கும். இந்த விலைக்கு ஆண்டுக்கு 5,000 டாலரை ஒட்டி வரும். காப்பீடு தனி. கதவு நிலை விரிசல் அடித்தளம் வரை போயிருந்தால் அது இன்னொரு கணக்கு. அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "விலை ஏறும்ல?" என்று கேட்டான்.

ஏறலாம். ஏறியும் இருக்கிறது. இதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. 2018, 2019-இல் வீடு வாங்கி 2022-இல் விற்றுவிட்டுப் போன மாணவர்கள் நல்ல லாபம் பார்த்தார்கள். 2021 ஜனவரியில் 30 வருடக் கடன் வட்டி 2.65 சதவீதம் வரை இறங்கியது. அது வரலாறு காணாத தாழ்வு. இப்போதைய மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும் சீனியர்களில் பலர் அந்த நான்கு வருடத்தில் வாங்கி விற்றவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு வாய்த்த காலம் அது. 2023 அக்டோபரில் அதே வட்டி 7.79 சதவீதத்தைத் தொட்டது. 2022-க்குப் பிறகு சான் ஆன்டோனியோவில் விலை முன்போல் ஓடவில்லை, தேங்கி நின்றது. விற்பனைப் பலகைகள் மாதக்கணக்கில் புல்வெளியில் நிற்பதை நானே தினமும் பார்க்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் 2006 இருக்கிறது. அந்த ஆண்டு உச்சத்தில் வீடு வாங்கிய ராணுவக் குடும்பங்களுக்கு 2008, 2009-இல் மாற்றல் உத்தரவு வந்தபோது, வீட்டின் விலை கடன் பாக்கிக்கும் கீழே போயிருந்தது. விற்றால் கையிலிருந்து வங்கிக்குப் பணம் கட்ட வேண்டும். விற்காமல் போனால் இரண்டு ஊரில் செலவு. சாதாரணக் குடும்பமாக இருந்தால், விலை ஏறும்வரை அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். உத்தரவு வந்தவரால் இருக்க முடியாது. நிலைமை முற்றிப்போய், 2009-இல் நாடாளுமன்றம் பாதுகாப்புத் துறையின் வீட்டு உரிமையாளர் உதவித் திட்டத்தை விரிவுபடுத்தி, 2006 ஜூலை 1-க்கு முன் வாங்கி மாற்றலில் சிக்கியவர்களின் நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டது. காத்திருக்க முடிகிறவருக்கு விலைச் சரிவு வெறும் செய்திதான். காத்திருக்க முடியாதவர் அதைக் கைப்பணத்தில் கட்டுகிறார். ராணுவ உதவித்தொகை மாணவர் இரண்டாவது வகை.

அடுத்து, மாணவர்களிடையே அதிகம் உலவும் ஒரு தவறான நம்பிக்கை. 'நாம ராணுவம்தானே, வி.ஏ. கடன் கிடைக்கும், முன்பணமே வேண்டாம்' என்பது. அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். தரகர் ஒருவரும் தலையாட்டியிருந்தார்.

வி.ஏ. கடன் என்பது முன்னாள் படைவீரர் நலத்துறை உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்புகிறவர்களுக்காக 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது. முன்பணம் தேவையில்லை, மற்றக் கடன்களைப்போல் மாதாந்திரக் கடன் காப்பீடும் இல்லை. முதல் முறை முன்பணமில்லாமல் வாங்குகிறவர் 2.15 சதவீதம் கட்டணம் மட்டும் கட்டினால் போதும், அதையும் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம். நடுத்தர வர்க்க அமெரிக்கா உருவானதில் இந்தக் கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. அது எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1947-இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் இந்தச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட 3,200-க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒரே போரில் நின்றவர்களுக்கு இந்தக் கதி. கிடைக்காமல் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வரை அந்த இழப்பு தொடர்கிறது. ஒரு வீட்டுக் கடன் உரிமை எவ்வளவு பெரியது என்பதை அவர்களைவிட யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது.

அந்த உரிமை படிக்கும் காலத்தில் இந்த மாணவருக்கு இல்லை. தற்போது பணியில் இருப்பவர் தொடர்ச்சியாக 90 நாள் முழுநேரப் பணி செய்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 45 நாள் பயிற்சி அதற்குப் போதாது. பகுதிநேர ரிசர்வ் படையில் ஆறு ஆண்டு இருந்தால் வேறு வழியில் தகுதி வரும்; உதவித்தொகை மாணவர் அந்த வகை ரிசர்விலும் சேர்த்தி இல்லை. மருத்துவக் கல்லூரிக்கு முன்பே படையில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் பழைய தகுதி இருக்கும். மற்றவர்கள் காகிதத்தில் அதிகாரிகள்தான். வங்கியின் கண்ணுக்கு, வருமானம் போதாத மாணவர்கள்.

ஆனால் அதே மாணவர் படிப்பு முடித்து முழுநேரப் பணியில் சேர்ந்த நாளில் எல்லாம் மாறிவிடும். தரைப்படையில் கேப்டன் பதவி. அடிப்படைச் சம்பளம் 2025 கணக்குப்படி மாதம் 5,300 டாலருக்கு மேல். அந்தந்த ஊர் வாடகைக்கு ஏற்ற வீட்டுப்படி தனியாக, அதுவும் வருமான வரி இல்லாமல். 90 நாள் கழிந்தால் வி.ஏ. கடனுக்குத் தகுதி. மூன்று வருடம் பொறுத்தால் முன்பணமே இல்லாமல், தன் சம்பளத்தில், தன் பெயரில் மட்டும் வாங்கலாம். இன்று அவசரப்பட்டால் அப்பாவின் கையெழுத்தையும் சேமிப்பையும் இழுத்துக்கொண்டு, கடன் காப்பீடும் கட்டி வாங்க வேண்டும். எது புத்தி?

சட்டமும் இதில் வாடகையின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. படைவீரர்களின் கடன், குடியிருப்பு சம்பந்தமாக அமெரிக்காவில் 1940-இலிருந்தே தனிச் சட்டம் உண்டு; 2003-இல் அதைப் புதுப்பித்து எழுதினார்கள். அதன்படி, பணியில் சேர்வதற்கு முன் போட்ட வாடகை ஒப்பந்தத்தை, பணியில் சேரும்போது அபராதம் இல்லாமல் முறித்துக்கொள்ளலாம். எழுத்தில் ஒரு நோட்டீஸ், உத்தரவின் நகல். அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடிந்துவிடும். வாடகை வீட்டிலிருந்து வெளியேறச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சொந்த வீட்டிலிருந்து வெளியேற அப்படிக் கதவு எதுவும் இல்லை.

ஒரு சலுகை உண்டு. அதையும் சொல்கிறேன், ஏனென்றால் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு அது பயன்படும். பணியில் சேர்வதற்கு முன் வாங்கிய கடனுக்கு, பணிக்காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. வீட்டுக் கடன் என்றால் பணி முடிந்து ஓராண்டு வரைகூட அந்த வரம்பு நீடிக்கும். மேல் வட்டியைத் தள்ளி வைப்பதல்ல, தள்ளுபடியே செய்ய வேண்டும். மாணவராக இருந்தபோது 7 சதவீதத்தில் வாங்கியவர், பணியில் சேர்ந்ததும் வங்கிக்கு எழுத்தில் கேட்டு உத்தரவின் நகலை இணைத்தால் போதும். கேட்காமலே வங்கி தானாகத் தரும் என்று இருந்துவிடக் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சட்டத்தின் சொற்கள் வீரர் வாங்கிய கடனையும், வீரரும் வாழ்க்கைத் துணையும் சேர்ந்து வாங்கிய கடனையும் பற்றியவை. அப்பாவோடு சேர்ந்து வாங்கிய கடனை அதில் எழுதவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் அப்பாதான் சேர்ந்து வாங்குகிறார்.

விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டுப் போனால் என்ன என்று கேட்பார்கள். சிலருக்கு அது நடக்கிறது. ஆனால் ரெசிடென்சியில் வாரம் 80 மணி நேரம் வரை மருத்துவமனையில் கழிக்கும் ஒருவர், 2,000 மைல் தள்ளி ஒரு வீட்டுக்கு உரிமையாளராக இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸ் முழுக்கக் குழாய்கள் வெடித்தபோது, உரிமையாளர் உள்ளூரில் இருந்த வீடுகளே படாத பாடு பட்டன. பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் வாடகையில் பத்தில் ஒரு பங்கு வரை அவருக்குப் போகும். வரி விஷயத்தில் மட்டும் ராணுவத்தினருக்கு நல்ல ஏற்பாடு உண்டு. விற்பதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் அந்த வீட்டில் குடியிருந்தால், தனியாள் என்றால் 2,50,000 டாலர் வரை லாபத்துக்கு வரி இல்லை என்பது பொது விதி. தொலைவில் பணியில் இருக்கும் வீரர்கள் அந்த ஐந்து வருடக் கெடுவைப் பத்து வருடம் வரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அது லாபம் வந்தவருக்குத்தான்.

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. கணவனோ மனைவியோ நல்ல வேலையில் இருந்து, அந்த வேலை அந்த ஊரிலேயே நிலைக்கும் என்றால், அவர் சம்பளத்தில் வீடு வாங்குவது வேறு விஷயம். குழந்தைகளோடு படிக்க வருகிறவர்களுக்கு வாடகை வீடே கிடைக்காத சிற்றூர்களும் இருக்கின்றன. விலை மலிவான ஊரில், முழுத் தொகையில் பெரும்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குகிறவருக்கு என் கணக்கு பொருந்தாது. நான் பேசுவது, மாத உதவித்தொகையும் பெற்றோரின் பாசமும் மட்டும் மூலதனமாக உள்ள இளைஞர்களைப் பற்றி.

பெற்றோரின் பாசம் என்று சொன்னேன். நம்மவர்கள் வீட்டில் இந்த முடிவை எடுப்பது மாணவர் மட்டுமல்ல. 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்று சொன்ன சமூகம் நம்முடையது. அதை எச்சரிக்கையாகச் சொன்னார்கள். நாம் கட்டளையாக எடுத்துக்கொண்டோம். கல்விச் செலவை அரசு ஏற்றுக்கொண்டதும், பிள்ளைக்கென்று சேர்த்த பணம் பெற்றோர் கையில் சும்மா நிற்கிறது. அது அவர்களை உறுத்துகிறது. 'ஒண்ணும் செய்யலையே' என்ற உறுத்தல். அத்தான் ஊரில் இருந்த தன் பங்கு நிலத்தை விற்று முன்பணம் தரவும் தயாராக இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம், வாய்க்கால் ஓரம் முக்கால் ஏக்கர். மூன்று வருடம் இருக்கப்போகும் வீட்டுக்காக மூன்று தலைமுறை நிலத்தை விற்பதா என்று அக்காதான் முதலில் கேட்டாள். அவளுக்கு வட்டிக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை.

அந்தப் பணம் சும்மா நிற்கட்டும் என்றேன். பயிற்சி முடிந்து, கடமை வருடங்களும் முடிந்து, எங்கே இருப்பது என்பதை அவனே தீர்மானிக்கும் நாள் ஒன்று வரும். 35 வயதை ஒட்டி வரும். வீடு அன்றைக்கு.

ராணுவத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 22 வயதில் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவர்கள் கையில் ஒரே ஒரு பக்கம் கொடுங்கள். படிக்கும் காலம் வி.ஏ. கடனுக்குக் கணக்கில் வராது. ரெசிடென்சி கடமைக் காலத்தில் சேராது. பணியில் சேரும்போது வாடகை ஒப்பந்தத்தை இப்படி முறிக்கலாம். பழைய கடனுக்கு 6 சதவீத வரம்பை இப்படிக் கேட்டு வாங்கலாம். இந்த நான்கு வரி போதும். எல்லாம் சட்டத்தில் இருக்கிறது. மாணவர் உடற்கூற்றியல் புத்தகத்தைத்தான் படிப்பாரே தவிர, சட்டப் புத்தகத்தைப் படிக்க மாட்டார். 'ராணுவத்தினருக்குச் சிறப்புக் கடன்' என்று பலகை வைத்திருக்கும் தரகர்களும் கடன் முகவர்களும், எதிரே உட்கார்ந்திருப்பவர் முழுநேரப் பணியில் இருக்கிறாரா, மாணவரா என்று முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் வீடு காட்டுவது அந்தப் பிள்ளையின் அறியாமையில் வியாபாரம் செய்வது. எங்களுக்கு வாய்த்த தரகர் கடைசிவரை கேட்கவில்லை.

அவன் வீடு வாங்கவில்லை. கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு நண்பர்களோடு ஓர் அடுக்ககத்தில் குடியேறினான். மிச்சப்பட்ட பணத்தில் அவசரச் செலவுக்கென்று ஒரு தொகை சேர்ந்தது. சான் ஆன்டோனியோவிலேயே, புரூக் மையத்திலேயே இடம் கிடைத்துவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு நப்பாசை இருந்தது. நான்காம் ஆண்டு டிசம்பரில், நான் கடையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு சொல்லில் செய்தி வந்தது: 'மேடிகன்'. வாஷிங்டன் மாநிலம், டகோமா. இங்கிருந்து 2,000 மைலுக்கு மேல்.

போனில் அவன் குரல் நிதானமாக இருந்தது. வீட்டு ஒப்பந்தம் ஆகஸ்ட் வரை இருக்கிறதே, என்ன செய்வது என்று மட்டும் கேட்டான். உத்தரவு கைக்கு வந்ததும் நகலோடு ஒரு கடிதம் கொடு, அவ்வளவுதான் என்றேன். அரசுச் செலவில் சாமான் ஏற்ற ஆள் வருவார்கள், மேசையும் கட்டிலும் புத்தகப் பெட்டிகளும்தான் இருக்கின்றன என்றான். மேசைக்கு அடியில் ஒட்டப் போகும் முதல் ஸ்டிக்கர் என்ன நிறத்தில் வருமோ, தெரியவில்லை.